மோதிர விரலுக்கு நீளமான வார்த்தைகள்

சவேரி, நீயும் லூர்துவும் கொச்சிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக எழுதிய கார்டு நேற்று வந்தது. இரண்டே வரி எழுதியிருக்கிறாய். புது மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் எங்கே நேரம் கிடைக்கப் போகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் அப்படிச் சுருக்கமாக எழுதப் போவதில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு நான்கு நாள் லீவு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மழை வெள்ளத்தில் தெரு மிதந்த நாளில்கூட மூடாத இடம் அது. மாடிப்படி ஏறி வந்த பிள்ளைகள் பூட்டைப் பார்த்துவிட்டு, டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் இன்னொருவர் பக்கத்தில் நின்று பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை. மெஷினில் அடிக்காமல் கையால்தான் எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் மோதிரம் ஏறாமல் நின்றதே, அந்த அரை நிமிஷத்தைப் பற்றித்தான். சாமியார் மந்திரித்துக் கொடுத்த மோதிரத்தை லூர்து எடுத்து உன் இடது கை மோதிர விரலில் போட்டாள். நடு முட்டி வரை போனது, அங்கேயே நின்றுவிட்டது. அவள் மெதுவாகத் தள்ளினாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். முன் வரிசையில் பட்டுச்சேலையும் பெருமையுமாக நின்றுகொண்டிருந்த எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பின்னால் யாரோ கிளுக்கென்று சிரிக்கவும் செய்தார்கள். உன் பெண்டாட்டி கெட்டிக்காரி. பதறவில்லை. மோதிரத்தை உருவி உன் சுண்டு விரலில் போட்டுவிட்டு, "இங்கன கெடக்கட்டும், எங்க போயிரப் போவுது" என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. நீ அவளிடம் குனிந்து, "ஆசாரி அளவத் தப்பா எடுத்துட்டாரு" என்றாய். அதுவும் கேட்டது. அந்த ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

பந்தலில் நகை ஆசாரி ஆறுமுகத்தை நான் பிடித்த பிடி உனக்கு நினைவிருக்கும். "ஏன் ஆசாரி, முப்பது வருஷமா மோதிரம் செய்யுதிய, ஒரு வெரலு அளவு தெரியலையா? கோயிலுக்குள்ள வச்சு எம் புள்ளையக் கேலிக்கு ஆளாக்கிட்டியளே!" என்று இலை போட்டு உட்கார்ந்திருந்த இருநூறு பேருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டேன். பாவம் அந்த மனுஷன். கையில் இருந்த தண்ணீர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார். இத்தனைக்கும் அளவு கொடுத்தது யார்? நான்தான். நீ கொச்சியில் இருந்தாய், மாப்பிள்ளை விரலுக்கு நேரில் அளவெடுக்க வழியில்லை. நீ விட்டுப்போன பழைய வலது கை மோதிரத்தை எடுத்துக்கொண்டு போய், "வலது கை, இடது கை எல்லாம் ஒண்ணுதான ஆசாரி, இதையே அளவா வச்சு அடிங்க" என்று கொடுத்தவள் நான். அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார், பையன் வரட்டுமே டீச்சர் என்று. பத்து விரலையும் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு விரலைப் பற்றிச் சொல்ல வருகிறீர்களா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவரே வீட்டுக்கு வந்தார். உங்களுக்கு மத்தியானம் ரயில். உன்னை மேஜை மேல் கையை வைக்கச் சொல்லி, நூலை எடுத்து அந்த முட்டியைச் சுற்றிப் பார்த்தார். கட்டை விரலால் இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். "டீச்சர், கோவப்படாமக் கேளுங்க. இது பொறவியில உள்ள முட்டி இல்ல. எப்பவோ ஒடஞ்சு, சரியாச் சேராம, எலும்பு கூடி வளந்துருக்கு. மோதிரம் இதத் தாண்டணும்லா" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்னால் நீ முந்திக்கொண்டாய். "பந்து வெளையாடுதப்ப விழுந்தது ஆசாரி, அப்ப உள்ளது" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். அதுதான் என்னைக் கொன்றது. உனக்காகப் பொய் சொல்லும்போது நீ எப்போதும் ஆளை நேராகப் பார்த்துச் சொல்லுவாய், சின்னப் பிள்ளையிலிருந்தே. அடுத்தவருக்காக உண்மையை மறைக்கும்போதுதான் வேறு பக்கம் பார்ப்பாய்.

இதை முழுவதும் சொல்ல வேண்டுமானால் என் பைத்தியத்திலிருந்து தொடங்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் லூர்துவும் இதைப் படிக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். (அம்மா கடிதத்தை அவளிடம் காட்டாமல் மடித்து வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.) லூர்து, உன் மாமியாருக்கு நீளமான இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடிப் பிடிக்கிற பைத்தியம். நீளமாக இருந்தால் மட்டும் போதாது. நான் கேட்கிற விரலின் எழுத்துகள் அதில் மூன்று முறையாவது வர வேண்டும். ஏன் என்றால், டைப் அடிக்கிறவளின் ஒவ்வொரு விரலுக்கும் சில எழுத்துகள்தான் சொந்தம். சுண்டு விரலின் எழுத்தை மோதிர விரல் தொடக் கூடாது. ஒரு பிள்ளை ஓர் எழுத்தைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தால் அந்த விரல் சண்டித்தனம் செய்கிறது என்று அர்த்தம். அந்த விரலுக்கு வேலை கொடுக்க வேண்டும். சின்ன வார்த்தை கொடுத்தால் விரல் ஏமாற்றிவிடும். மூன்று எழுத்தை ஒரே மூச்சில் தட்டிவிட்டுப் போய்விடும். பன்னிரண்டு, பதினான்கு எழுத்து உள்ள வார்த்தையில் அது நடக்காது. கை களைத்துப்போகிற இடத்தில் அதே எழுத்து மறுபடி வந்து நிற்கும். அங்கேதான் விரலின் உண்மையான குணம் தெரியும்.

இந்த வார்த்தைகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அட்டை கிழிந்த டிக்‌ஷனரியைப் பக்கம் பக்கமாக வாசித்தேன், மற்றவர்கள் கதைப் புத்தகம் வாசிக்கிற மாதிரி. சவேரியின் அப்பா ஹார்பரில் டாலி கிளார்க்; கப்பலில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற பெட்டியையும் எண்ணிக் குறிக்கிற வேலை. அவர் கொண்டுவருகிற பழைய சரக்குப் பட்டியல் தாள்கள் எனக்குத் தீபாவளிப் பலகாரம் மாதிரி. சாகுபுரம் ரசாயன ஆலைப் பீப்பாயில் ஒட்டியிருந்த லேபிளை ஒருநாள் அவர் உரித்துக்கொண்டே வந்துவிட்டார். 'ட்ரைகுளோரோஎத்திலீன்' என்று இருந்தது. வலது மோதிர விரலின் எல்லும் ஓ-வும் அதில் இரண்டிரண்டு முறை! அது என்ன திரவம், எதற்கு உதவும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அது எத்தனை பிள்ளைகளை லோயர் பரீட்சையில் பாஸாக்கியது என்று தெரியும். "ஊருல பொம்பளைய மீன் வாங்கும்போது செவுளத் தூக்கிப் பாக்காவ, நீ வார்த்தையத் தூக்கிப் பாக்க" என்று அப்பா கேலி செய்வார். செய்யட்டும். ஒரு வார்த்தை கிடைத்த நாளில் எனக்குச் சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு பிள்ளையின் தாளையும் திருத்திவிட்டு, கீழே நானே கோடு போட்டு ஒரு கட்டம் வரைவேன். அதற்கு மேல் 'காரணம்' என்று எழுதியிருக்கும். தப்பு எத்தனை என்று எண்ணுகிற டீச்சர் ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல நான் ஒருத்திதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு பொய்யில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சவேரி, தருவைகுளத்திலிருந்து பஸ் ஏறி வருவாளே அமலி, நினைவிருக்கிறதா? இங்கிலீஷ் 'என்' அடிக்க வேண்டிய இடத்தில் 'எம்' அடிப்பாள். "டீச்சர், நான் வேணும்னு அடிக்கல, வெரலு அதுபாட்டுக்குப் போவுது" என்று அழுவாள். ஒருநாள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கிழிந்த வலை பொத்துகிற நூல் அறுத்து அறுத்து, வலது ஆட்காட்டி விரலின் உள்பக்கம் முழுக்கக் காய்ப்பு. அந்த விரலுக்குக் கீழே எழுத்துச் சாவி இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். ஒரு மாதம் வலைப் பக்கம் போக விடாதீர்கள் என்று அவள் அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். 'யுனானிமஸ்லி' என்ற வார்த்தையைக் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தையில் அவளுடைய ஆட்காட்டி விரல் ஆறு முறை இறங்க வேண்டும். இன்றைக்கு அவள் திருநெல்வேலியில் கவர்ன்மெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். உன் கல்யாணத்துக்கு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாளே, அவள்தான்.

அமலியின் கையைத் திருப்பிப் பார்த்தேன் என்று எழுதிவிட்டேன். இனி உன் கைக்கு வருகிறேன்.

எழுபத்தொன்றாம் வருஷம், நீ எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த லீவு. ரிசல்ட் வரும் வரை ஊர் சுற்றாதே என்று மூன்றாம் நம்பர் மெஷினில் உன்னை உட்கார வைத்தேன். உனக்கு அதில் இஷ்டமில்லை. பழைய துறைமுகத்துப் பக்கம் போய் கிரேன் தூக்குவதையும் இறக்குவதையும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் உனக்குச் சொர்க்கம். எனக்கோ, கீழே வெயிலில் மூட்டை எண்ணுகிற அப்பாவின் பிள்ளை மேலே விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும். இடது கை மோதிர விரலுக்கு மூன்று எழுத்து: டபிள்யூ, எஸ், எக்ஸ். நீ டபிள்யூவை நடுவிரலால் எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாய். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை என் கையிலிருந்த ரூல்தடி இறங்கியது. கருங்காலிக் கட்டை, உருண்டையாக, நல்ல கனம். உன் விரல் மெஷினின் இரும்பு விளிம்பில் இருந்தது. அடி நடு முட்டியில் விழுந்தது. சாயங்காலம் ஐந்து மணி வகுப்பு, எட்டுப் பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றது. நீ கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா" என்றாய். "ஒண்ணுமில்லைன்னா அடி" என்றேன். நீ அடித்தாய், சவேரி. அந்த விரலைக் கொண்டு மணி ஆறு அடிக்கும் வரை அடித்தாய்.

மறுநாள் காலையில் உன் விரலில் மூங்கில் பத்தை வைத்து வைத்தியர் கட்டுப் போட்டிருந்தார். அப்பா என்னிடம், "ஏளா, கடக்கரையில பந்து வெளையாண்டு விழுந்துட்டான்" என்றார். சரி, பார்த்து விளையாடக் கூடாதா என்று உன்னைத் திட்டினேன். சாயங்காலம் ஆறு மணி வரை மெஷினில் இருந்தவன் எப்போது கடற்கரைக்குப் போனான், யாரோடு பந்து விளையாடினான் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. அதே வாரம் அந்த ரூல்தடியை எடுத்துச் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் போட்டேன். பிள்ளைகளிடம் காணாமல் போய்விட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையையும் நான் அடித்ததில்லை, அதைப் பெரிய பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். ஒன்றும் தெரியாதவள் எதற்காகத் தடியை ஒளித்து வைப்பாள்? எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாதது மாதிரி நடந்துகொள்ளும் சாமர்த்தியம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

கட்டுப் பிரித்த பிறகு நீ மறுபடி மெஷினுக்கு வந்தாய். டபிள்யூ விழவில்லை. எஸ் இரண்டு விழ வேண்டிய இடத்தில் ஒன்று விழுந்தது. எக்ஸ் சுத்தமாக விழவில்லை, அதற்கு அந்த விரல் மடங்கிக் கீழே இறங்க வேண்டும். உன் பெயரை இங்கிலீஷில் எழுதினால் முதல் எழுத்தே எக்ஸ்தான். "தன் பேருல உள்ள மொத எழுத்தயே அடிக்கத் தெரியாதவன் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான்" என்று வகுப்பில் எல்லாரும் சிரிக்கச் சொன்னேன். நீயும் சிரித்தாய். அன்றைக்கு ராட்சசி மாதிரி டிக்‌ஷனரியை எடுத்து உட்கார்ந்தேன். என் பிள்ளையின் விரலை நான் சரி செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? 'வேக்ஸ்வொர்க்ஸ்' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தேன். எட்டு எழுத்துதான், ஆனால் மூன்று எழுத்தும் அதில் உண்டு. 'பொஸஸிவ்னெஸ்', ஆறு எஸ். 'ஸ்டூவர்டெஸஸ்', பன்னிரண்டு எழுத்தும் இடது கையாலேயே அடிக்க வேண்டும், அதில் ஐந்து அந்த விரலுக்கு. இது கிடைத்த அன்று அப்பாவை எழுப்பி உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். அவர் அந்த வார்த்தையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு எப்படி வாய் வந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு வருஷம். ஒரு நோட்டு நிறைய வார்த்தை. ஒவ்வொன்றும் நூறு தடவை. உன்னைத் தவிர வேறு எந்தப் பிள்ளைக்கும் நான் இவ்வளவு தேடியதில்லை, இவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. அதை அன்பு என்றுதான் நினைத்தேன். அன்புதான், இல்லையென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை வார்த்தைக்குள்ளும் போய்த் தேடியவள், மேஜையில் இரண்டு முழத் தூரத்தில் இருந்த விரலைப் பிடித்து ஒரு தடவை பார்க்கவில்லை. அமலி யாரோ, அவள் கையைப் பார்க்க எனக்குப் பயமில்லை. உன் கையைப் பார்த்தால் தடியின் ஞாபகம் வந்துவிடும். அதைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் கண்ணுக்கு வேறு வேலை வேண்டும், நான் டிக்‌ஷனரியில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

லோயர் தட்டுத் தடுமாறிப் பாஸானாய். ஹையர் இரண்டு தடவை போயிற்று. இரண்டாவது தடவை ரிசல்ட் வந்த அன்று, "உனக்கு வெரலு இல்லாம இல்ல, மனசுதான் இல்ல" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் புதுத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். கிரேன் பிடியைப் பிடிக்க இரண்டு உள்ளங்கை போதும், மோதிர விரல் தேவையில்லை. இன்றைக்குக் கொச்சியில் உன்னைத் தலைக்கு மேலே இரும்புக் கூண்டில் உட்கார வைத்து மரியாதையாகச் சம்பளம் கொடுக்கிறார்கள். உனக்குப் பிடித்த வேலை. அது எப்படியும் கிடைத்திருக்கும் என்று நினைத்து நான் தப்பித்துக்கொள்ளலாம். தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. நீ தோற்றவன் என்ற பேரோடு அந்த வேலைக்குப் போனாய், அந்தப் பேரை வைத்தவள் நான்.

ரயில் ஏற்றிவிட்டு வந்ததும் அப்பாவை உட்கார வைத்துக் கேட்டேன். முதலில், "ஏளா, இப்ப எதுக்கு அதப் போட்டுக் கிளறுத?" என்றார். விடவில்லை. கடைசியில் சொன்னார். "அவன்தான் சொல்லக் கூடாதுன்னான். வைத்தியர் வீட்டுத் திண்டுல உக்காந்து வலியில துடிச்சுக்கிட்டே சொல்லுதான், 'அம்மாவுக்குத் தெரிஞ்சா இன்ஸ்டிட்யூட்ட மூடிருவாப்பா, அது இல்லாம அவளால இருக்க முடியாது'ன்னு. நான் என்ன செய்ய?" பதினாறு வயசுப் பிள்ளை. நான் உன் விரலை உடைத்த அன்றைக்கு நீ என் இன்ஸ்டிட்யூட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். அப்பா சொல்லச் சொல்ல நான் அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் காபி போட்டுக்கொண்டு வந்தார், அதில் சீனி போட மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, ஆசாரி வீட்டுக்குப் போனேன். கடைத்தெருவில் அவர் பட்டறை வாசலில் நாலு பேர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். எல்லாருக்கும் முன்னால் வைத்த பழியை எல்லாருக்கும் முன்னால்தான் எடுக்க வேண்டும். "ஆசாரி, அளவு தப்பாக் கொடுத்தவ நான். உங்களச் சாப்பிட விடாம எழுப்பினதும் நான். மன்னிச்சிருங்க" என்றேன். அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் அன்னைக்கே வெளங்கிட்டு டீச்சர். தம்பி பந்துன்னு சொன்னப்பயே வெளங்கிட்டு. பந்துல விழுந்தா வெரலு நுனி போவும், இல்ல மணிக்கட்டு போவும். நடுமுட்டியில குறுக்க ஒடையாது" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "நீங்க வேணும்னா செஞ்சிய?" என்று மட்டும் கேட்டார். அன்று காலையில் அளவெடுத்துவிட்டு உன் சுண்டு விரலிலிருந்து கழற்றிக் கொண்டுபோன மோதிரத்தை அறுத்துப் பொன் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார். முட்டியைத் தாண்டும். தாண்டிய பிறகு கழன்று சுற்றாமல் இருக்க உள்பக்கம் இரண்டு சின்னக் குமிழ் வைத்திருக்கிறார். அடுத்த வாரம் அப்பா கொச்சிக்கு வரும்போது கொண்டுவருவார். லூர்து கையாலேயே போடட்டும்.

இரண்டாவது காரியத்தைச் சொன்னால் சிரிப்பாய். இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிக்கொண்டு தனியாக மூன்றாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தேன். என் இடது மோதிர விரலில் பென்சில் துண்டை வைத்து, மடங்காதபடி துணியால் இறுக்கிக் கட்டினேன். உன்னுடைய நோட்டைத் திறந்து வைத்து அடிக்க ஆரம்பித்தேன். சவேரி, பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிப்பேன் என்று சவால் விட்டிருக்கிறேன். வேக்ஸ்வொர்க்ஸில் முதல் எழுத்தே விழவில்லை. ஸ்டூவர்டெஸஸில் மூன்று எஸ் போயிற்று. கால் மணி நேரத்தில் தோள்பட்டை வரை வலி ஏறிவிட்டது, எழுந்துவிடலாம் என்று இருந்தது. உன் பழைய தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன், எந்தப் பிள்ளையின் தாளையும் நான் தூரப் போட்டதில்லை. நீ தப்பு விட்ட இடத்திலெல்லாம் நானும் விட்டிருக்கிறேன். அது மட்டுமில்லை. நான் விட்ட பல இடத்தில் நீ விடவில்லை. உடைந்து கோணலாகச் சேர்ந்த விரலை வைத்துக்கொண்டு நீ அடித்த வேகத்தில் பாதிகூட எனக்கு வரவில்லை. மனசு இல்லாதவன் அடித்த தாள் இல்லை அது.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. அறிவுரை சொல்கிற யோக்கியதை இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் எனக்கு இருந்தது, இப்போது கொஞ்சம் குறைந்துவிட்டது, ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன். என்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய் நல்ல மனசில் வந்த பொய்தான். ஆனால் அது என்ன செய்தது என்று பார். எட்டு வருஷம் நான் திமிராகவே நடந்தேன், ஒரு அப்பாவி மனுஷன் கல்யாணப் பந்தலில் சாப்பிடாமல் எழுந்து போனார். லூர்துவிடமும் அதே பழக்கத்தைத் தொடங்கிவிட்டாய். கோயிலுக்குள்ளேயே, தாலி கட்டிய சூட்டோடு! அவள் என்னைப் போன்றவள் இல்லை, அவளுக்கு உண்மையைத் தாங்கும் தெம்பு இருக்கிறது, மோதிரத்தைச் சுண்டு விரலில் போட்டபோதே அது தெரிந்துவிட்டது. வலித்தால் அவளிடம் வலிக்கிறது என்று சொல். அவள் வலிக்கச் செய்தால் அதையும் சொல். லூர்து, நீயும் கேட்டுக்கொள். இவன் ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பாதே. கையை வாங்கித் திருப்பிப் பார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினால் கட்டாயம் பார்.

நாளைக்கு உங்களுக்குப் பிள்ளை பிறக்கும். அது படிக்காது, சாப்பிடாது, சொன்ன பேச்சுக் கேட்காது. உனக்கும் என்னைப் போலக் கோபம் வரும், ரத்தத்தில் இருக்கிறதே. அப்போது காரணத்தை உடனே எழுதிவிடாதே. நான் எழுதிய காரணங்களில் பெரும்பாலானவை சரியாகத்தான் இருந்தன என்று இன்றும் மார் தட்டுவேன். என் பிள்ளையுடையதை மட்டும் தப்பாக எழுதிவிட்டேன். திங்கட்கிழமை இன்ஸ்டிட்யூட்டைத் திறக்கிறேன். மூட மாட்டேன், நீ பயப்பட வேண்டாம். நீ விலை கொடுத்துக் காப்பாற்றியதை நான் மூடிவிட்டால் அந்த விரலுக்கு என்ன மரியாதை? ஆனால் பீரோவுக்குப் பின்னால் கிடந்த ரூல்தடியை எடுத்துத் துடைத்து, என் மேஜையில் எனக்கு எதிரே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். யாராவது பிள்ளை அது எதற்கு டீச்சர் என்று கேட்டால் சொல்லுவேன். ஒன்றையும் விடாமல் சொல்லுவேன்.

இத்துடன் உன் தாள்கள் நாற்பத்தொன்றையும் கட்டி அனுப்பியிருக்கிறேன். எடை அதிகம், போஸ்ட் ஆபீஸில் முறைத்துப் பார்க்கப் போகிறார்கள். எல்லாவற்றையும் மறுபடி திருத்தினேன். தப்புகளைத் தொடவில்லை. விழாத எழுத்து விழாததுதான், அதில் என் பிள்ளை என்று சலுகை கிடையாது. ஆனால் ஒவ்வொரு தாளிலும் அடியில் இருக்கும் கட்டத்தில் 'சோம்பல்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன், நாற்பத்தொரு தாளிலும் அதே வார்த்தை. அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டேன். பக்கத்தில் சரியான காரணத்தை எழுதி, இன்றைய தேதியும் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தின் கடைசியில் நான் போடுகிற கையெழுத்தும், அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதும் ஒன்றுதான்.

அம்மா